ஆல்டோ 800: 15,000 ரூபாய்க்குள் இழுவை கூட்ட வழி உண்டா?

வெட்டூர்ணிமடம்_800

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2014 ஆல்டோ 800, பெட்ரோல். 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் நாகர்கோவிலில் இருந்து வள்ளியூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை குலசேகரத்தில் மாமனார் வீடு. அங்கே போனால் பிள்ளைகள் பேச்சிப்பாறை, கோதையாறு என்று கிளப்பிவிடுவார்கள்.

வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது. காலையில் போகும்போது ஏதோ பரவாயில்லை. சாயங்காலம் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் வந்தால், நாலாவது கியரில் 70-ஐத் தாண்ட அழுகிறது. லாரிக்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்கிறான், அதுதான் ரொம்ப அவமானம். மைலேஜும் முன்பு 19 கொடுத்தது, இப்போது 15-ஐ ஒட்டி நிற்கிறது.

ஒரு கடையில் கேட்டேன். கூம்பு ஏர் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஒரு ‘சிப்’, இரிடியம் பிளக், எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய், 15 குதிரைசக்தி கூடும் என்கிறார்கள். போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_ஸ்விஃப்ட்

கண்ணை மூடிக்கொண்டு போடுங்க அண்ணே. நான் 2012 பெட்ரோல் ஸ்விஃப்டில் கூம்பு ஃபில்டரும் சைலன்சரும் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வருகிற சத்தமே வேறே. மேம்பாலத்தில் ஏறும்போது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சிப் மட்டும் போடவில்லை, ஆனால் போட்டவர்கள் நல்லது என்றுதான் சொல்கிறார்கள்.

குளச்சல்_ஆசான்

தம்பி, அந்த எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர். புதுசில் கம்பெனி சொன்னதே 48 குதிரைசக்திதான். அதில் 15 கூட்டுவது என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற கருவி) இல்லாத எஞ்சினில் ஃபில்டரும் குழாயும் மாற்றி அப்படிக் கூட்ட முடியுமென்றால், தயாரித்தவனே அந்த 15,000 ரூபாயைச் செலவழித்து விளம்பரத்தில் போட்டிருப்பான்.

கூட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்த 48-இல் இப்போது எத்தனை மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார். 11 வருஷ வண்டி. நான் பட்டறையில் நிற்கிற ஆள், என்னிடம் ‘இழுவை இல்லை’ என்று வரும் சின்னக் கார்களில் பாதிக்கு மேல் எஞ்சின் கோளாறே கிடையாது.

கீழே உள்ளதற்குப் பதில் சொல்லு:
கடைசியாக பிளக், ஏர் ஃபில்டர் எப்போது மாற்றினாய்?
வண்டி எப்போதாவது சூடாகி நின்றதா?
டயர், வீல் ஏதாவது மாற்றினாயா?
கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நாலு வீலையும் தொட்டுப் பார்த்தாயா?

பழைய_கார்பரேட்டர்

ஆசான் சொல்வதைக் கேளுங்கள். என்னிடம் கார்பரேட்டர் காலத்து மாருதி 800 இருந்தது. அந்த வண்டியில் செலவில்லாமல் விளையாடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பினால் டைமிங், அதாவது பிளக் தீப்பொறி விடுகிற நேரம், முன்னால் வரும், வண்டி துள்ளும். நானும் துள்ளவிட்டேன். இரணியல் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் தகரத்தில் கல்லைக் கொட்டினது போல நாக்கிங். அதையும் ‘சக்தி கூடிவிட்டது’ என்று நினைத்துக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினேன். பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தபோது மேல்முகம் அரித்துப் போயிருந்தது. இப்போதைய வண்டியில் கம்ப்யூட்டரே டைமிங்கைப் பார்த்துக்கொள்கிறது, அந்த மட்டில் நீங்கள் தப்பித்தீர்கள்.

தக்கலைக்காரி

நான் மெக்கானிக்கல் பாடம் எடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முப்பந்தல். உங்கள் புகாரில் ஒரு பகுதிக்கு வண்டி காரணமே இல்லை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிறது. காலையில் அது உங்களை முதுகில் தள்ளுகிறது, சாயங்காலம் முகத்தில் அறைகிறது. நீங்கள் 80-இல் போக, எதிர்க்காற்று 30 என்று வையுங்கள். காருக்கு அது 110 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.89. அதாவது தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. 48 குதிரைசக்தி வண்டிக்கு அது மலையேறுவதற்குச் சமம். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்? அந்த இடத்தில் மூன்றாவது கியருக்கு இறங்குவதுதான் செலவில்லாத டியூனிங். ஐந்தாவதில் மிதித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் மட்டும் போகும்.

அடுத்து கூம்பு ஃபில்டர். அதைத் திறந்தபடி எஞ்சின் பக்கத்தில் வைத்தால் அது இழுப்பது எஞ்சினில் காய்ந்த காற்றை. காற்று ஒவ்வொரு 3 டிகிரி சூடாகும்போதும் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். ஆக்ஸிஜன் குறைந்தால் சக்தி குறையும். கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டியும் அதன் மூக்குக் குழாயும் வெளிக்காற்றை எடுக்கத்தான் இருக்கின்றன. அவலட்சணமாக இருக்கிறதே என்று அதைக் கழற்றித் தூர எறிகிறோம்.

சிப்: 2,000 ரூபாய்க்கு விற்கும் பல பெட்டிகளுக்குள் ஒரு ரெசிஸ்டர்தான் இருக்கும். உள்ளே வரும் காற்று குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும், அது பெட்ரோலைக் கூட்டும். ஆனால் சைலன்சர் பாதையில் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்து வெளியே போவதை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் அதிகம் என்று அது சொன்னதும் கம்ப்யூட்டர் குறைத்துவிடும். முழுக்க மிதிக்கும்போது மட்டும் அந்தத் திருத்தம் நிற்கும், அப்போது கறுப்புப் புகை வரலாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேப்பையே (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்கிற அட்டவணை) முறையாக மாற்றுவது வேறு வேலை. டர்போ டீசலில் அது 20 சதவீதத்துக்கு மேலும் தரும், ஏனென்றால் காற்றழுத்தத்தையே கூட்டலாம். டர்போ இல்லாத 800-இல் 5 சதவீதம் கிடைத்தால் பெரிது. 48-இல் 5 சதவீதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிள்ளைகளில் ஒன்றை இறக்கிவிட்டாலே ஏறக்குறைய அந்தப் பலன் கிடைக்கும். (இறக்கிவிடாதீர்கள்.)

இரிடியம் பிளக் நல்ல பொருள்தான். நிறைய நாள் உழைக்கும். சாதா பிளக் நல்ல நிலையில் இருந்தால் அதைவிட ஒரு குதிரை கூடத் தராது.

களியக்காவிளை_75

சட்டத்தையும் ஒரு வரி போட்டுவைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ(4)-இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. சத்தம், புகைக்குத் தனியாக 190(2) இருக்கிறது. நம்மூரில் யார் பார்க்கிறார்கள் என்பீர்கள். எல்லை தாண்டி பாறசாலைப் பக்கம் போனால் பார்ப்பார்கள். மாமனார் வீட்டுக் கல்யாணம் திருவனந்தபுரத்தில் இருந்தால் கஷ்டம்.

மார்த்தாண்டம்_ஸ்விஃப்ட்

எல்லாரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். சரி, அக்கா, சூடான காற்று என்கிறீர்களே, என் வண்டி நன்றாகத்தானே போகிறது? நான் உணர்கிறேனே.

குளச்சல்_ஆசான்

மக்கா, நீ உணர்வது காதால். உன்னிடம் ஓபிடியில், அதாவது வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற சாக்கெட்டில், சொருகுகிற ப்ளூடூத் கருவி இருக்கிறதா? 500, 600 ரூபாய்க்குக் கிடைப்பது. உள்ளே போகிற காற்றின் சூடு அதில் தெரியும். ஒரு நாள் கூம்போடு, ஒரு நாள் பழைய பெட்டியோடு, ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் ஓட்டிப் பார். அப்புறம் பேசலாம்.

வெட்டூர்ணிமடம்_800

ஆசானே, உங்கள் கேள்விகளுக்குப் பதில்.

பிளக் மாற்றி மூன்று வருஷம் இருக்கும். ஏர் ஃபில்டர் சர்வீஸ் பில்லில் ‘சுத்தம் செய்தது’ என்று இருக்கிறது. போன வருஷம் வடசேரி நெரிசலில் ஒரு தடவை சூடாகி நின்றது. பக்கத்துப் பட்டறையில் ஏதோ செய்து கொடுத்தார்கள், அதன்பிறகு முள் பாதிக்குக் கூட ஏறியதில்லை, அந்த விஷயத்தில் நிம்மதி. வீல் ஆமாம், இரண்டு வருஷம் முன் வேகன்ஆரில் இருந்து கழற்றிய 13 அங்குல வீல் மலிவாகக் கிடைத்தது, டயரோடு மாற்றிவிட்டேன், 145/80 ஆர்13. வண்டி கொஞ்சம் உயரமாக, கம்பீரமாக இருக்கிறது. தொட்டுப் பார்க்கவில்லை, எதற்கு?

குளச்சல்_ஆசான்

நீயே மூன்று விடையைச் சொல்லிவிட்டாய்.

முள் ஏறவே இல்லை என்று நிம்மதிப்படாதே. அந்தப் பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நம் பக்கம் பழைய பழக்கம் இது. வண்டி சூடானால் ரேடியேட்டரைக் கவனிக்காமல் வால்வைப் பிடுங்கிவிடுவது. அது 80 டிகிரிக்கு மேல்தான் முழுசாகத் திறக்க வேண்டிய வால்வு. அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் தன் சூட்டுக்கே வராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயிலும் இளகாது. உன் 19 மைலேஜ் போன வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் திரும்பப் போட்டுவிடாதே, மறுபடியும் சூடாகி நிற்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே உப்புப் பாளம் பார்க்கலாம். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

பேட்டரியில் இருந்து வண்டி உடலுக்குப் போகிற எர்த் ஒயரையும் பார்க்கச் சொல். உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கும். எங்கள் குளச்சலில் அது வருஷ வேலை.

தக்கலைக்காரி

வீல் விஷயத்துக்கு நான் வருகிறேன். கம்பெனி போட்டது 145/80 ஆர்12, விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர். உங்கள் 13 அங்குலம் 562. வித்தியாசம் 4.7 சதவீதம். அதாவது எல்லா கியரையும் ஒரேயடியாக 4.7 சதவீதம் நீட்டிவிட்டீர்கள். இழுவை அந்த அளவுக்குக் குறையும். போதாததற்கு வீலின் எடையும் கூடுதல், அதைச் சுழற்றவும் சக்தி வேண்டும். 14,500 ரூபாய் கொடுத்துத் தேடுகிற சக்தியை ஏற்கனவே காசு கொடுத்துத் தொலைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. மீட்டர் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் ஏறக்குறைய 105 போகிறீர்கள். (கம்பெனி மீட்டரே கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பது வேறு.) தூரமும் குறைவாகத்தான் பதிவாகும். மைலேஜைக் கணக்கிடும்போது ஓடிய கிலோமீட்டரை 1.047-ஆல் பெருக்குங்கள். உங்கள் 15 உண்மையில் 15.7. குறைந்ததில் கொஞ்சம் கணக்கிலேதான் குறைந்திருக்கிறது.

அகஸ்தீஸ்வரம்_எல்எக்ஸ்ஐ

இவ்வளவும் எதுக்கு? எல்லாம் எத்தனால் செய்யும் வேலை. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்ததில் இருந்து எல்லார் வண்டியும் இப்படித்தான்.

தக்கலைக்காரி

அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலை விட லிட்டருக்கு ஆறேழு சதவீதம் போகும். 19-இல் அது 1.3 தான். மீதி 2 எங்கே என்பதுதான் கேள்வி.

மார்த்தாண்டம்_ஸ்விஃப்ட்

சரி, ஓட்டிப் பார்த்துவிட்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேம்பாலத்துக்குக் கீழே சந்தை நேரத்து நெரிசலில், கூம்பு ஃபில்டரோடு உள்ளே போகிற காற்று 58 டிகிரி. மறுநாள் அதே நேரம், பரணில் கிடந்த பழைய பெட்டியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனேன், 41. குழித்துறை தாண்டி வேகம் எடுத்ததும் வித்தியாசம் குறைந்துவிட்டது, ஆனால் கூம்பு ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை.

அண்ணே, இந்தக் கருவியை உங்களுக்கு வேண்டுமானால் தருகிறேன். சனிக்கிழமை நாகர்கோவில் வருவேன்.

தக்கலைக்காரி

58-க்கும் 41-க்கும் 17 டிகிரி. நெரிசலில் மட்டும் ஏறக்குறைய 5 சதவீதம் காற்றை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அளந்து பார்த்து எழுதினதற்கு நன்றி, தம்பி. நிறையப் பேர் அளக்கவே மாட்டார்கள்.

வெட்டூர்ணிமடம்_800

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மன்னிக்கவும், கொஞ்சம் நீளம்.

மார்த்தாண்டத்துத் தம்பி கருவி கொண்டுவந்தார், இரண்டு பேரும் தோவாளை வரை ஒரு சுற்று ஓட்டினோம். ஆசான் சொன்னது அச்சு அசல். அரை மணி நேரம் ஓடிய பிறகும் கூலன்ட் 66 டிகிரி. சிக்னலில் நின்றால் 74-க்கு ஏறும், கிளம்பினால் மறுபடி இறங்கும். பூச்சந்தை பக்கம் நிறுத்தி, தம்பி ஒவ்வொரு வீலாகக் கையை வைத்துப் பார்த்தார். மூன்று வீல் வெதுவெதுப்பு. முன்பக்க இடது வீலில் கையை வைத்ததும் ‘அய்யோ’ என்று உதறினார். பிரேக் விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஜாக் போட்டுத் தூக்கிச் சுழற்றினால் அரைச் சுற்றில் நின்றது. இத்தனை நாள் பாதிப் பிரேக்கை மிதித்துக்கொண்டே முப்பந்தல் காற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒரு சோதனையும் வைத்தோம். ஞாயிறு விடியற்காலை, காற்று அடங்கிய நேரம், காலியான நேர் ரோடு, மூன்றாவது கியரில் 40-இலிருந்து 70 வரை. தம்பி போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தார். போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு, சராசரி எடுத்தோம். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்தோம், மீட்டரை நம்பவில்லை. 10.3 வினாடி.

பிறகு செய்த வேலைகள்:

ரேடியேட்டர் கழற்றிச் சுத்தம் 1,200. உள்ளே வந்த சேற்றைப் பார்த்து மேஸ்திரியே சிரித்தார். தெர்மோஸ்டாட் வால்வு, கேஸ்கட், கூலன்ட் 1,450. வால்வு இருக்க வேண்டிய இடம் காலி, சந்தேகமே இல்லை. பிரேக் கேலிப்பர் பின் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன, கழற்றித் தேய்த்து கிரீஸ் போட்டு மாட்ட 650. சாதா பிளக் மூன்று 330. ஏர் ஃபில்டர் 220. பழையதில் செம்மண் கால் டம்ளர் இருந்தது, ‘சுத்தம் செய்தது’ என்று பில் போட்ட புண்ணியவான் வாழ்க. த்ராட்டில் பாடி சுத்தம், டாப்பெட் அட்ஜஸ்ட் 900. எர்த் ஒயரில் ஆசான் சொன்ன பச்சை இருந்தது, உப்புத்தாள் வைத்து நானே தேய்த்தேன்.

மொத்தம் 4,750.

வீல்: பழைய 12 அங்குலம் நாலும் பரணில் பத்திரமாக இருந்தது. டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண் 2322, அதாவது 2022-இன் 23-ஆவது வாரம். கட்டை பாதிக்கு மேல் இருக்கிறது, வெடிப்பு இல்லை. அதையே மாட்டி, கதவோரத்து ஸ்டிக்கரில் போட்ட அளவுக்குக் காற்று அடித்தேன்.

அதே ரோடு, அதே நேரம், அதே தம்பி: 8.4 வினாடி.

கூலன்ட் இப்போது 86, 88-இல் நிற்கிறது. இரண்டு டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டேன், 18.1. முப்பந்தலில் சாயங்காலம் காற்று பழைய காற்றுதான், ஆனால் மூன்றாவதுக்கு இறங்கினால் வண்டி ஏறிப் போகிறது. லாரிக்காரர் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல ஆசை, நிறுத்தவில்லை.

போன ஞாயிறு பேச்சிப்பாறைக்கு நாலு பேரோடு போனோம். ஏற்றத்தில் ஏசியை அணைத்தேன். ஏசி கம்ப்ரசர் மூன்று நாலு குதிரையைத் தின்னும் என்று தம்பி சொன்னார், ரப்பர் தோட்டத்துக்குள் எப்படியும் குளிர்தான். முன்பு முதல் கியர் போட்ட வளைவில் இரண்டாவதிலேயே ஏறியது.

குளச்சல்_ஆசான்

நல்லது தம்பி. மீதி 10,000 ரூபாயைப் பத்திரமாக வை. அந்த எஞ்சினில் வால்வுகளை இயக்கச் செயின் கிடையாது, டைமிங் பெல்ட். வண்டி 91,000 ஓடியிருக்கிறது. இதுவரை மாற்றவில்லை என்றால் இனிமேல் தள்ளிப் போடாதே, வாட்டர் பம்பையும் சேர்த்துப் பார்த்துவிடு. பெல்ட் மாட்டும்போது குறியைச் சரியாக வைக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பார். ஒரு பல் தள்ளி மாட்டினால் மறுபடி ‘இழுக்கவில்லை’ என்று இங்கே வந்து எழுதுவாய்.

வெட்டூர்ணிமடம்_800

மாற்றினதாக நினைவில்லை ஆசானே. அடுத்த வாரம் உங்கள் பட்டறைக்கே கொண்டுவரவா?

குளச்சல்_ஆசான்

செவ்வாய்க்கிழமை வா. காலை 9 மணிக்கு முன்னால் வந்தால் மதியத்துக்குள் விட்டுவிடலாம்.

அகஸ்தீஸ்வரம்_எல்எக்ஸ்ஐ

அண்ணாச்சி, அந்த 13 அங்குல வீல் நாலும் இப்போது சும்மாதானே கிடக்கிறது? என்ன விலைக்குத் தருவீர்கள்?

தக்கலைக்காரி

இந்த இழையை மேலிருந்து ஒரு தடவை படியுங்கள்.

அகஸ்தீஸ்வரம்_எல்எக்ஸ்ஐ

படித்தேன் அக்கா. என்னுடையது வேகன்ஆர்.